மார்க் பட்டியலில் சிவப்பும் பச்சையும்: எக்செல்லோடு ஒரு கணக்கு வாத்தியார்

பத்தாம் வகுப்பு மார்க் ரெஜிஸ்டரில் 35-க்குக் கீழே போன மதிப்பெண்ணைச் சிவப்பு மையில் எழுதுவது பள்ளிக்கூடங்களில் ரொம்பப் பழைய வழக்கம். அதற்கென்றே ஸ்டாஃப் ரூமில் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். தேர்வு முடிந்த வாரத்தில் அது கைக்குக் கை மாறும். ரெஜிஸ்டர் போய் எக்செல் வந்தபோது எங்கள் பள்ளியில் பேனா இருந்த இடத்துக்கு பெயின்ட் வாளிப் பொத்தான் வந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டமாகத் தேடிப் போய்ச் சிவப்பை ஊற்றுவார்கள். பையன் விடைத்தாளைக் கொண்டுவந்து கூட்டல் பிழையைக் காட்டி, ஆசிரியர் 33-ஐ 36 ஆக்கினால் எண் மாறிவிடும். சிவப்பு அப்படியே நிற்கும். காலாண்டுக் கோப்பை நகலெடுத்து அதன்மேலேயே அரையாண்டு மதிப்பெண்ணை அடித்தால் கேட்கவே வேண்டாம், பழைய தேர்வின் சிவப்பெல்லாம் புதுத் தேர்வின் மேல் உட்கார்ந்திருக்கும்.

இந்த வேலையை எக்செல்லே பார்த்துக்கொள்ளும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்று அதற்குப் பெயர். "இந்தக் கட்டத்தில் இருப்பது 35-க்குக் குறைவு என்றால் சிவப்பாக்கு" என்று ஒரு விதி எழுதிவிட்டால் போதும், எண் மாற மாற நிறமும் தானாக மாறும். 1997-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இது வந்துவிட்டது. அப்போது ஓர் இடத்துக்கு மூன்று நிபந்தனைகள்தான் வைக்க முடியும். 2007 பதிப்பில் அந்த வரம்பு போய், நிற அளவுகோல், கட்டத்துக்குள் ஓடும் பட்டை, அம்புக்குறிகள் எல்லாம் சேர்ந்தன. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதே வசதி உண்டு. கூகுளில் மட்டும் பட்டையும் அம்புக்குறியும் கிடையாது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, காரணம் பின்னால் வருகிறது.

நான் கம்ப்யூட்டர் ஆசிரியர் இல்லை. கணக்கு வாத்தியாருக்கு எக்செல் தெரியாமலா இருக்கும் என்று யாரோ சொல்லிவைக்க, பத்தாம் வகுப்புப் பட்டியல் முழுக்க என் தலையில் விழுந்தது. இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது, நிறத்தை வரவழைப்பது ஐந்து நிமிட வேலை. வந்த நிறத்தை நம்பலாமா என்று பார்ப்பதில்தான் பாடு இருக்கிறது.

ஒரு சின்னக் குறிப்பு. கீழே சூத்திரங்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். சி2, அண்ட், ஆர் என்றெல்லாம் வருபவற்றைக் கணினியில் ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும்.

என் கைக்கு வந்த கோப்பில் ஏற்கெனவே விதி போட்டிருந்தார்கள். 35-க்குக் குறைவு என்றால் சிவப்பு, 35 அல்லது அதற்கு மேல் என்றால் பச்சை. பார்க்க அழகாக இருந்தது. மதிப்பெண் ஏற்றுவதற்கு முன்பே பட்டியல் முழுக்கச் சிவப்பாக இருந்ததுதான் முதல் சந்தேகம். காலிக் கட்டத்தை எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் 35-க்குக் குறைவுதானே! இன்னும் திருத்தாத தாளும் முட்டை வாங்கிய தாளும் ஒரே நிறத்தில் நின்றன.

அதைவிட மோசமானது பச்சைப் பக்கம் இருந்தது. தேர்வுக்கு வராத பையனுக்கு ஆசிரியர்கள் வழக்கம்போல 'ஏபி' என்று போடுவார்கள். அந்த 'ஏபி' எல்லாம் பச்சை. "சார், இவன் பரீட்சைக்கே வரலையே, பாஸ்னு காட்டுது?" என்று தமிழ் டீச்சர் கேட்டார். எக்செல்லுக்கு ஒரு வழக்கம் உண்டு: எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால் எந்த எழுத்தும் எந்த எண்ணையும் விடப் பெரியது என்றே அது சொல்லும். அதன் கணக்கில் 'ஏபி' 35-ஐ விடப் பெரியது. 100-ஐ விடவும் பெரியதுதான்.

'ஏபி'யையாவது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். எண்ணைப் போலவே தோன்றும் எழுத்து இருக்கிறதே, அதுதான் ஆளை ஏமாற்றும். சில ஆசிரியர்கள் மதிப்பெண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதை நகலெடுத்து ஒட்டும்போது எண்ணோடு ஓர் இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வரும், அல்லது அந்தக் கட்டம் முன்பே 'டெக்ஸ்ட்' என்று அமைக்கப்பட்டிருக்கும். அப்போது 28 என்பது எண் இல்லை, இரண்டு எழுத்து. அதுவும் 35-ஐ விடப் பெரியதாகி, 28 மார்க் பச்சையில் மின்னும். இதை அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. எண்ணாக இருந்தால் கட்டத்தின் வலது ஓரம் ஒட்டி நிற்கும், எழுத்தாக இருந்தால் இடது ஓரம் ஒட்டும். யாராவது எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி அழகுபடுத்தியிருந்தால் அந்த அடையாளமும் போயிற்று. அதனாலேயே மதிப்பெண் ஏற்றி முடியும்வரை நடுவில் நிறுத்தும் பொத்தானைத் தொடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எழுத்தாகிப்போன எண்களைத் திருப்ப, அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து 'டேட்டா' பட்டையில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போய் எதையும் மாற்றாமல் 'ஃபினிஷ்' அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் மசியாத நாலைந்தை மறுபடி கையால் அடிப்பதுதான் வேகம்.

ஆகவே 35-க்குக் குறைவு என்ற விதியை நான் இப்படித்தான் எழுதுவேன்:

=அண்ட்(இஸ்நம்பர்(சி2), சி2<35)

முதலில் இது எண்தானா என்று பார், அப்புறம் 35-க்குக் குறைவா என்று பார். இரண்டும் ஆம் என்றால் மட்டும் சிவப்பு. காலிக்கும் 'ஏபி'க்கும் சிவப்பு வராது. பச்சை விதிக்கும் இதே இஸ்நம்பர் காவல் வேண்டும். சொல்லப்போனால் பச்சையை நான் எடுத்தே விட்டேன். ஐம்பது பேரில் நாற்பது பேர் பச்சையாக இருக்கும் தாளில் பச்சை எதையும் சொல்வதில்லை. கவனிக்க வேண்டியது சிவப்பு, அது வெள்ளைத் தாளில்தான் நன்றாகத் தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரண்டு மாதத் தேர்வின் சராசரி போட்டிருந்த தாளில் '35' என்று தெரிகிற கட்டம் சிவப்பாக இருந்தது. விதி தப்பில்லை. சராசரி 34.5. தசமம் காட்டாதே என்று அமைத்திருந்ததால் எக்செல் 35 என்று காட்டியது. கண்ணுக்குத் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று; நிறம் உள்ளே இருப்பதைத்தான் பார்க்கும். அரை மார்க்கை மேலே ஏற்றுவது உங்கள் பள்ளியின் வழக்கம் என்றால் சராசரிச் சூத்திரத்திலேயே ரவுண்ட் போட்டு ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் தசமத்தைக் காட்டுங்கள். பெற்றோர் கேட்டால் பதில் சொல்லவாவது ஆகும்.

சரி, இந்தச் சூத்திரத்தை எங்கே அடிப்பது? மதிப்பெண் இருக்கும் கட்டங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, 'ஹோம்' பட்டையில் 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்', அதில் 'நியூ ரூல்', அங்கே வரும் பட்டியலில் கடைசியாக இருக்கும் 'யூஸ் எ ஃபார்முலா' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே உள்ள மற்ற வகைகள் அவசரத்துக்கு உதவும். ஆனால் நான் சூத்திர வகைக்கே போய்விடுகிறேன், அதில் மட்டும்தான் நாம் நினைத்ததை நினைத்தபடி சொல்ல முடிகிறது. அந்தப் பெட்டிக்குள் ஒரு தொல்லை காத்திருக்கும். சூத்திரத்தின் நடுவில் ஒரு எழுத்தைத் திருத்தலாம் என்று அம்புக்குறி விசையை அழுத்தினால், கர்சர் நகராமல் சம்பந்தமில்லாத கட்டத்தின் பெயர் வந்து நடுவில் விழும். எஃப்2 விசையை ஒருமுறை அழுத்திவிட்டு அம்புக்குறியைத் தொட்டால் அந்தத் தொல்லை இல்லை. இது தெரியாமல் அழித்து அழித்து அடித்தவர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே அதிகம்.

ஒரு கட்டத்தை மட்டும் சிவப்பாக்காமல் அந்த மாணவரின் வரிசை முழுவதையும் நிறமாக்க விரும்பும்போது டாலர் குறி வேலைக்கு வருகிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாத் தவறும் கண்ணில் படும், இது படாது.

பெயர் பி நெடுவரிசையில், தேர்ச்சி நிலை கே நெடுவரிசையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ2 முதல் கே60 வரை தேர்ந்தெடுத்து, =$கே2="தோல்வி" என்று விதி எழுதினால் அந்த வரிசை முழுக்க நிறம் வரும். டாலரை விட்டுவிட்டால் ஏ2 கட்டம் கே2-வைப் பார்க்கும், பி2 கட்டம் பக்கத்து எல்2-வைப் பார்க்கும், சி2 எம்2-வை. அங்கே ஒன்றும் இல்லாததால் முதல் நெடுவரிசைக்கு மட்டும் நிறம் வரும். டாலர் என்பது 'நீ எந்தக் கட்டத்தில் நின்றாலும் கே-யைத்தான் பார்க்க வேண்டும்' என்ற கட்டளை. 2-க்கு முன்னால் டாலர் போடக் கூடாது. போட்டால் எல்லா மாணவரும் முதல் மாணவரின் நிலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கட்டத்தைச் சுட்டியால் தொட்டுச் சூத்திரத்தில் சேர்த்தால் எக்செல் இரண்டு டாலரையும் தானே போட்டுவிடும், எஃப்4 விசையை அழுத்தி அழுத்தித் தேவையில்லாததை எடுக்கலாம்.

இது வரைக்கும் தப்பு நடந்தால் தெரிந்துவிடும். தெரியாதது இது: நெடுவரிசைகளின் தலைப்பைத் தொட்டு ஏ முதல் கே வரை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, சூத்திரத்தில் மட்டும் முதல் மாணவர் இருக்கும் வரிசை என்று $கே2 எழுதுவது. தேர்ந்தெடுத்த பகுதி தொடங்குவது 1-ஆம் வரிசையில். சூத்திரம் 2 என்கிறது. எக்செல் என்ன புரிந்துகொள்ளும்? ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே உள்ள வரிசையைப் பார்க்க வேண்டும் என்று. நிறம் ஒரு வரிசை மேலே தள்ளி விழும். தோற்ற பையனுக்கு மேலே இருக்கும் பையன் சிவப்பாவான். தாள் முழுக்க நிறம் நியாயமான எண்ணிக்கையில் இருக்கும், பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். இப்படி ஒரு பட்டியல் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தேர்ந்தெடுத்த பகுதி எந்த வரிசையில் தொடங்குகிறதோ அந்த வரிசை எண்தான் சூத்திரத்திலும் இருக்க வேண்டும். விதி எழுதி முடித்ததும் நான் கடைசி மாணவரின் மதிப்பெண்ணைச் சும்மா 10 என்று மாற்றிப் பார்ப்பேன். அவர் சிவப்பானால் சரி, அவருக்கு மேலே உள்ளவர் சிவப்பானால் விதி தள்ளியிருக்கிறது. பார்த்துவிட்டு கன்ட்ரோல் இசட்.

இப்போது அறிவியலுக்கு வருவோம். நம் பத்தாம் வகுப்பில் அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தேர்ச்சிக்கு எழுத்தில் 20, செய்முறையில் 15 வேண்டும். ஒரு பெண் எழுத்தில் 18, செய்முறையில் 25 வாங்கினால் மொத்தம் 43. மொத்தத்தைப் பார்த்து 35-க்குக் குறைவா என்று கேட்கும் விதி இவளைத் தொடவே தொடாது. ஆனால் அவள் தேர்ச்சி இல்லை. எல்லா நெடுவரிசைக்கும் ஒரே 35 விதியை இழுத்துவிட்டாலோ, செய்முறையில் 25-க்கு 25 வாங்கியவரும் சிவப்பாவார், ஏனென்றால் 25 என்பது 35-க்குக் குறைவு! எங்கள் பழைய கோப்பில் செய்முறை நெடுவரிசை தலையிலிருந்து கால்வரை சிவப்பாக இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துப் பழகி, அது அப்படித்தான் என்று விட்டிருந்தார்கள். ஒரு நிறம் எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

இங்கேதான் நான் முறையை மாற்றினேன். யார் தேர்ச்சி, யார் இல்லை என்ற தீர்ப்பை நிற விதிக்குள் ஒளித்து வைக்காமல், கே நெடுவரிசையில் 'நிலை' என்று தலைப்புப் போட்டு அங்கே எழுத்தாக வரவைத்தேன். அந்தச் சூத்திரம் எதை முதலில் பார்க்கிறது, எதை அடுத்துப் பார்க்கிறது என்பது முக்கியம். எந்தக் கட்டமாவது காலியாக இருந்தால் 'பாக்கி'. எங்காவது 'ஏபி' இருந்தால் 'வரவில்லை'. இரண்டும் இல்லை, ஆனால் கவுண்ட் போட்டுப் பார்த்தால் எண்களின் எண்ணிக்கை குறைகிறது என்றால் எங்கோ ஓர் எண் எழுத்தாகிக் கிடக்கிறது, அதற்கு 'சரிபார்'. இந்த மூன்றையும் தாண்டினால்தான் மதிப்பெண்ணைப் பார்ப்பது:

=இஃப்(ஆர்(சி2<35, டி2<35, இ2<35, எஃப்2<20, ஜி2<15, ஐ2<35), "தோல்வி", "தேர்ச்சி")

சி, டி, இ என்பவை தமிழ், ஆங்கிலம், கணிதம். எஃப்பும் ஜியும் அறிவியல் எழுத்தும் செய்முறையும். ஹெச்சில் அறிவியல் மொத்தம், ஐயில் சமூக அறிவியல். ஹெச்சைத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை, 20-ம் 15-ம் சேர்ந்தாலே 35 வந்துவிடும். ஹெச்சில் எஃப்2+ஜி2 என்று கூட்டாமல் சம் போடுங்கள். 'ஏபி' வந்தால் கூட்டல் குறி பிழை காட்டும், சம் எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கூட்டும்.

நிற விதிகள் இப்போது மிக எளிமை. கே-யில் 'தோல்வி' என்று இருந்தால் வெளிர் சிவப்பு, 'பாக்கி' என்றால் மஞ்சள், 'சரிபார்' என்றால் ஆரஞ்சு. 'வரவில்லை'க்குச் சாம்பல். தேர்ச்சிக்கு ஒன்றுமில்லை. நிறம் ஏன் வந்தது என்று யாராவது கேட்டால் கே-யில் விரலை வைத்துக் காட்டிவிடலாம். முன்பெல்லாம் விதிப் பெட்டியைத் திறந்து விளக்க வேண்டியிருந்தது, அதற்குள் கேட்டவர் போய்விடுவார்.

இதில் வந்த இன்னொரு லாபம் எண்ணிக்கை. "எத்தனை பேர் ஃபெயில்?" என்று ஹெச்.எம். கேட்டால் பழைய தாளில் சிவப்பை விரல் விட்டு எண்ண வேண்டும். கவுண்ட்இஃப் போன்ற சூத்திரங்கள் நிறத்தைப் பார்க்காது. கட்டத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கும். ஃபில்டர் போட்டு நிறத்தின்படி பிரிக்கலாம், அது கண்டிஷனல் நிறத்துக்கும் வேலை செய்யும். என்றாலும் ஒவ்வொரு முறையும் கையால் செய்ய வேண்டும். கே-யில் எழுத்தாக இருந்தால் =கவுண்ட்இஃப்(கே2:கே60, "தோல்வி") என்ற ஒரு வரி. மெல்லக் கற்போர் பட்டியல் கேட்டு மேலிருந்து சுற்றறிக்கை வரும் காலங்களில் இந்த வரி எனக்கு எத்தனை மாலை நேரத்தை மிச்சம் பிடித்துத் தந்தது என்று சொல்லி மாளாது.

அச்சு எடுக்கும்போதும் இதுவே காப்பாற்றுகிறது. எங்கள் ஆபீஸ் பிரிண்டர் கறுப்பு வெள்ளை. அடர் சிவப்பும் அடர் பச்சையும் அதில் ஒரே சாம்பலாக வரும், நடுவில் எண்ணும் மங்கிப்போகும். 'பேஜ் செட்டப்'பில் 'பிளாக் அண்ட் ஒயிட்' என்று ஒரு குறி இருக்கிறது, அதைப் போட்டால் நிறப் பூச்சு இல்லாமல் அச்சாகும்; நிலை என்ற எழுத்து மட்டும் நிற்கும். கூடவே விதியில் நிறத்தோடு எழுத்தைத் தடிமனாக்கவும் சொல்லிவிட்டால் தாளிலும் வேறுபாடு தெரியும். எழுத்துரு அளவை மட்டும் விதியால் மாற்ற முடியாது.

சிவப்பு பச்சைப் பிரச்சினை பிரிண்டருக்கு மட்டும் இல்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், அதிலும் ஆண்களிடையே. சொல்லிக்கொள்ள மாட்டார்கள். எங்கள் சக ஆசிரியர் ஒருவர் என் தாளை வெகுநாள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கே நெடுவரிசை வந்த பிறகுதான், "இப்பத்தான் சார் எனக்குப் புரியுது" என்று சாதாரணமாகச் சொன்னார். இரண்டு நிறம்தான் வேண்டும் என்றால் நீலமும் ஆரஞ்சும் நல்ல ஜோடி.

நிற அளவுகோலுக்கும் அம்புக்குறிக்கும் நான் ஆதரவாளன் இல்லை என்று முன்பே கோடி காட்டினேன். ஹெச்.எம்.முக்கு அவை ரொம்பப் பிடிக்கும். ஒரே பார்வையில் வகுப்பு தெரிகிறதாம். தெரிவது வகுப்பு இல்லை, வகுப்புக்குள் யார் யாரை விடக் குறைவு என்பதுதான். மூன்று நிற அளவுகோலைச் சும்மா தேர்ந்தெடுத்தால், அந்தப் பட்டியலில் இருக்கும் மிகக் குறைந்த எண்ணுக்குச் சிவப்பு, மிக அதிகத்துக்குப் பச்சை, நடு எண்ணுக்கு மஞ்சள். எல்லோரும் 70-க்கு மேல் வாங்கிய வகுப்பிலும் 72 வாங்கிய பெண் அடர் சிவப்பில் நிற்பாள். எல்லோரும் தோற்ற வகுப்பிலும் ஒருவன் பச்சையாக இருப்பான்.

அம்புக்குறி இன்னும் ஏமாற்றும். அதன் விதியைத் திறந்தால் 67, 33 என்று இரண்டு எண் இருக்கும். நம் ஆட்கள் அதை மார்க் என்று நினைத்துக்கொள்கிறார்கள். குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் நடுவே உள்ள தூரத்தில் அத்தனை சதவீதம் என்று அதற்கு அர்த்தம். வகுப்பில் மதிப்பெண் 60-லிருந்து 100 வரை இருந்தால், 33 சதவீதம் என்பது 73.2. அப்படியானால் 73 வாங்கியவருக்குக் கீழ்நோக்கிய சிவப்பு அம்பு! இதைப் பார்க்கும் அப்பாவுக்கு யார் விளக்குவது? வேண்டும் என்றால் 'டைப்' என்ற இடத்தில் 'பெர்சென்ட்' என்பதை 'நம்பர்' என்று மாற்றி 35, 60 என்று நீங்களே எல்லை போட்டுக்கொள்ளுங்கள். அளவுகோலிலும் அப்படியே குறைந்தபட்சத்தை 0 என்றும் அதிகபட்சத்தை 100 என்றும் கட்டிவிட்டால் போன தேர்வுத் தாளையும் இந்தத் தேர்வுத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆகும்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இந்த வண்ணத் தாளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடும் பழக்கத்தை மட்டும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். நிறம் எங்கள் வேலைக்கு. யாரிடம் கூடுதல் நேரம் செலவிட வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்லத்தான் சிவப்பு. நாற்பது வீட்டுக்கு ஒரு குழந்தையின் சிவப்பு வரிசையைக் காட்டுவதற்கு அல்ல. அவரவர் மதிப்பெண்ணை அவரவர் வீட்டுக்கு நிறமில்லாமல் அனுப்பினால் போதும்.

கோப்பு கைமாறும்போது விதிகள் பெருகும். ஓர் இடத்திலிருந்து வரிசையை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் எண்ணோடு விதியும் போய் ஒட்டிக்கொள்ளும். ஏ2 முதல் கே60 வரை என்று ஒன்றாக இருந்த விதி, பல துண்டாகச் சிதறிக் கிடக்கும். 'மேனேஜ் ரூல்ஸ்' போய் மேலே 'திஸ் ஒர்க்‌ஷீட்' என்று மாற்றினால் மொத்தமும் தெரியும். ஒரே விதி பக்கம் பக்கமாக இருந்தால் ஒட்டு வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். துண்டுகளை ஒட்டவைத்து நேரத்தை வீணாக்குவதைவிட, தாள் முழுவதற்கும் விதிகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது சுலபம். விதிகளின் சூத்திரங்களை ஒரு தனித் தாளில் எழுதி வைத்திருந்தால் அது சில நிமிட வேலை. மதிப்பெண்ணை ஒட்டுபவர்களுக்கு 'பேஸ்ட் வேல்யூஸ்' பொத்தானைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

விதிகளின் வரிசையும் கணக்கில் உண்டு. இரண்டு விதி ஒரே கட்டத்துக்கு வெவ்வேறு நிறம் சொன்னால் மேலே இருப்பதே ஜெயிக்கும். எக்செல்லில் புதிதாக எழுதும் விதி தானாக மேலே போய் உட்காரும், அதனால் கடைசியாக எழுதியதுதான் முதலில் பேசும். அம்பு பொத்தானால் இறக்கிக்கொள்ளலாம்.

உதவித்தொகைப் பட்டியலில் ஒரே வங்கிக் கணக்கு எண் இரண்டு பேருக்கு இருக்கிறதா என்று பார்க்க நிறத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எக்செல் எண்ணில் 15 இலக்கம்தான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எழுத்தாகவே அடித்து வைத்திருந்தாலும், கவுண்ட்இஃப் அதை எண்ணாகப் படித்து, கடைசி இலக்கம் மட்டும் வேறாக இருக்கும் இரண்டு கணக்கையும் ஒன்று என்று சொல்லிவிடும். அக்கா தங்கை ஒரே நாளில் ஒரே கிளையில் கணக்குத் தொடங்கினால் எண்கள் அடுத்தடுத்து இருப்பது சகஜம், இருவரும் சிவப்பாவார்கள். =சம்ப்ராடக்ட்(--($டி$2:$டி$60=$டி2))>1 என்று எழுதினால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், இந்தக் குழப்பம் வராது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் தங்கை வீட்டுக்காரர் தன் மருந்துக் கடைக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார். காலாவதியான மருந்துக்குச் சிவப்பு, நெருங்குவதற்கு மஞ்சள். இங்கே மார்க்குக்குப் பதில் தேதி. மருந்து அட்டையில் மாதமும் வருடமும் மட்டும் இருக்கும்; 05/2026 என்றால் மே மாதம் 31-ஆம் தேதிவரை செல்லும். அதை 05/26 என்று அடித்தால் கணினி அதற்குத் தோன்றிய தேதியாகப் படித்துக்கொள்ளும். ஆகவே 1-5-2026 என்று முழுத் தேதியாக அடிக்கச் சொல்லி, அடுத்த நெடுவரிசையில் =இஓமன்த்(டி2, 0) போட்டு மாதக் கடைசி நாளை வரவைத்தோம். அந்த இ நெடுவரிசையைப் பார்த்துத்தான் விதி: $இ2<டுடே() என்றால் சிவப்பு, $இ2-டுடே()<=$ஹெச்$1 என்றால் மஞ்சள், சிவப்பு விதி மேலே. தேதி அடிக்காத காலி வரிசைகள் இங்கும் சிவப்பாகும் என்பதால் $டி2<>"" என்ற காவலை இரண்டிலும் அண்ட் போட்டுச் சேர்த்தோம். ஹெச்1 கட்டத்தில் எத்தனை நாள் என்று அவரே எழுதிக்கொள்வார். மொத்த வியாபாரிகள் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு ஆளுக்கு ஆள் மாறுவதால், 90 என்று விதிக்குள்ளேயே எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் எனக்கு போன் வரும்.

அப்படியும் போன் வந்தது. ஒன்றாம் தேதி காலையில் கடை திறந்தால் நேற்றோடு முடிந்த மருந்து மஞ்சளிலேயே இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்தால் சிவப்பாகிறது என்றார். அவர் பயன்படுத்துவது கூகுள் ஷீட்ஸ். அந்தக் கோப்பின் நேர மண்டலம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தது. அங்கே நள்ளிரவு ஆகும்போது நமக்கு மதியம் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. அதுவரை டுடே நேற்றைய தேதியையே சொல்லிக்கொண்டிருக்கும். 'ஃபைல்' மெனுவில் 'செட்டிங்ஸ்' போய் கொல்கத்தா நேரத்துக்கு மாற்றியதும் சரியாயிற்று. இப்போது கடனுக்கு வாங்கிப் போனவர்கள் பட்டியலுக்கும் நிறம் கேட்கிறார். அது இன்னும் நோட்டில்தான் இருக்கிறது. முதலில் ஷீட்டில் ஏற்றுங்கள் மாப்பிள்ளை, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.